விழுந்து விழுந்து சிரிக்க வைத்த சந்திரபாபு

பிழைப்புக்காக வேறு மாநிலம் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அந்த ஊர் மொழியில் காய்கறி விலை கேட்க ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு விடலாம். வாடகைக்கு வீடு பிடிக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, ஆபீசில் மனுக் கொடுக்க ஆறு மாதத்தில் பேச வந்துவிடும். ஆனால் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் வேடிக்கைப் பேச்சைக் கேட்டு, எல்லோரோடும் சேர்ந்து அதே நொடியில் சிரிக்க வேண்டுமானால் வருஷக்கணக்கில் ஆகும்.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, என்ன சொன்னார் என்று மெதுவாக விசாரித்துவிட்டுத் தனியாகச் சிரித்த அனுபவம், சித்தூரிலும் திருப்பதியிலும் ரேணிகுண்டாவிலும் வேலை பார்க்கும் தமிழர் பலருக்கு உண்டு.

ஒரே ஒரு வகைச் சிரிப்புக்கு மட்டும் இந்தத் தடை கிடையாது. கல்யாண வீட்டில் மிடுக்காக நடந்து வருகிறார் ஒருவர். வேட்டி தடுக்குகிறது. விழப் பார்த்து, எப்படியோ சமாளித்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிறார். இதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? தமிழரும் சிரிப்பார், தெலுங்கரும் சிரிப்பார். பாட்டியும் சிரிப்பாள், மடியில் இருக்கும் பேரனும் சிரிப்பான்.

இந்தச் சிரிப்பைத் தமிழ்ப் படங்களில் ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர் ஜே.பி.சந்திரபாபு. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் அவர் ஆடிய ஆட்டமும், விழுந்த விழுகையும், பாடிய பாட்டும் இன்று கைப்பேசித் திரையில் கூடச் சிரிப்பை வரவழைக்கின்றன.

அவருடைய வாழ்க்கையோ சிரிக்கக் கூடியதாக இல்லை.

இரு மொழி மண்

சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. 1960-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டின் பக்கம் வந்தது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. கோடுகள் மாறினாலும் மக்கள் மாறவில்லை. கடைவீதியில் இரண்டு மொழியும் கேட்கும். தியேட்டரிலும் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் தெலுங்குப் படங்களும் சென்னை ஸ்டூடியோக்களில்தான் பெரும்பாலும் தயாராயின. ஒரே கதையை இரண்டு மொழியில் ஒரே சமயத்தில் எடுப்பார்கள். 1955-ல் எல்.வி.பிரசாத் டைரக்டு செய்த 'மிஸ்ஸம்மா' தமிழில் 'மிஸ்ஸியம்மா' ஆயிற்று. தெலுங்கில் ரேலங்கி நடித்த வேடத்தில் தமிழில் தங்கவேலு நடித்தார். 1957-ல் வந்த 'மாயா பஜார்' படத்தில் லட்சுமண குமாரனாகத் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு.

அந்தப் படத்துக் கல்யாணக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மணப்பெண் உருவத்தில் இருப்பவன் கடோத்கஜன். மாப்பிள்ளை படும் பாடு எல்லாம் உடம்பால் வரும் சிரிப்பு. எஸ்.வி.ரங்காராவ் கல்யாண விருந்தை ஒரே ஆளாகச் சாப்பிட்டுத் தீர்க்கும் காட்சியும் அப்படியே. அதனால்தான் அது இரண்டு மொழியிலும் ஒன்றுபோல ஓடியது.

தங்கவேலுவின் பலம் பேச்சு. ரேலங்கியின் பலம் முகமும் குரலும். தலை முதல் கால் வரை உடம்பு முழுவதையும் சிரிப்புக்கு ஒப்படைத்தவர் சந்திரபாபு.

பிச்சையாகக் கிடைத்த பிள்ளை

சந்திரபாபு 1927 ஆகஸ்டு மாதம் தூத்துக்குடியில் பிறந்தார். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். குழந்தைப் பருவத்தில் கடும் காய்ச்சல் கண்டு பிழைப்பதே அரிது என்ற நிலை வந்தது. பிழைத்த பிள்ளையைக் கடவுள் இட்ட பிச்சையாகவே பெற்றோர் கருதினார்கள். ஜோசப் பிச்சை என்று அழைத்தார்கள். தூத்துக்குடிப் பனிமய மாதாவின் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்தது. வீட்டில் செல்லப் பெயர் பாபு.

தந்தையார் ரோட்ரிக்ஸ், சுதந்திரப் போராட்ட வீரர், பத்திரிகையாளர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பத்திரிகை நடத்தினார். அதை அரசாங்கம் பறிமுதல் செய்தது. சிறைக்கும் போனார்.

விடுதலையான பிறகு குடும்பம் கொழும்புக்குப் போயிற்று. பிழைப்புக்காக அயலூர் போன தமிழ்க் குடும்பங்களில் அதுவும் ஒன்று. தந்தைக்கு அங்கே தமிழ்ப் பத்திரிகையில் வேலை. பிள்ளை கொழும்பு செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார்.

துறைமுக ஊரான கொழும்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் தெருவில் புழங்கும். மேல்நாட்டு இசையும் நடனமும் அங்கே சாதாரணம். சார்லி சாப்ளினின் ஊமைப் படங்கள் உலகம் முழுவதும் ஓடி, பேச்சே இல்லாமல் எல்லா நாட்டாரையும் சிரிக்க வைத்திருந்த காலம் அது. நல்ல ஆங்கிலமும், மேல்நாட்டு ஆட்டமும், எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டுப் பாடிவிடும் தொண்டையும் அந்தப் பையனுக்கு வந்து சேர்ந்தன.

சென்னை வாசம்

1943-ல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. தந்தை 'தினமணி'யில் பணியாற்றினார். வீடு திருவல்லிக்கேணியில். மகனுக்கு சினிமா ஆசை பற்றிக்கொண்டது.

சினிமா ஆசை கொண்டு சென்னைக்கு வந்தவர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. ஸ்டூடியோ வாசலில் காவல்காரர் மறிப்பார். உள்ளே தெரிந்தவர் இருந்தால்தான் கதவு திறக்கும். சந்திரபாபு நாள்தோறும் நடந்தார். பாடிக் காட்டினார். ஆடிக் காட்டினார். கைதட்டியவர்கள் உண்டு, வாய்ப்புக் கொடுத்தவர்கள் இல்லை.

1947-ல் எழுத்தாளர் பி.எஸ்.ராமையா டைரக்டு செய்த 'தன அமராவதி' படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதற்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. பட்டினியும் அலைச்சலுமாக ஐந்து ஆண்டுகள் ஓடின.

ஜெமினியில் நடந்தது

அப்போது தென்னாட்டின் மிகப் பெரிய பட அதிபர் ஜெமினி எஸ்.எஸ்.வாசன். அவரைப் பார்த்துவிட்டால் வழி பிறக்கும் என்று சந்திரபாபு நம்பினார். பல முறை போனார். பார்க்க முடியவில்லை. மனம் உடைந்தது. வாசனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஜெமினி ஸ்டூடியோவிலேயே விஷம் அருந்தி மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தார். தற்கொலை முயற்சி என்று போலீசார் வழக்குத் தொடர்ந்தார்கள். கோர்ட்டுப் படியும் ஏறி இறங்கினார். செய்தி வாசன் காதுக்கு எட்டியது. 1952-ல் வெளியான ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் சந்திரபாபுவுக்கு வேடம் கிடைத்தது.

பிற்காலத்தில் தமிழ்நாடே பார்த்துச் சிரித்த அந்த உடம்பு, முதலில் யாரும் பாராமல் இப்படி ஒரு முறை விழுந்தது. அந்த விழுகையில் வேடிக்கை எதுவும் இல்லை.

புது மாதிரி நகைச்சுவை

அதற்கு முன் தமிழ்ப் படங்களில் நகைச்சுவை இல்லாமல் இல்லை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிரிக்க வைத்துக்கொண்டே சீர்திருத்தம் சொன்னார். காளி என்.ரத்தினம், டி.எஸ்.துரைராஜ் போன்றவர்கள் நாடக மேடையில் பழகிய வேடிக்கைகளைத் திரைக்குக் கொண்டு வந்தார்கள். பெரும்பாலும் அது பேச்சால் வரும் சிரிப்பு. வசனம் புரியாவிட்டால் பாதி சிரிப்புப் போய்விடும்.

சந்திரபாபு வேறு மாதிரி. ஒல்லியான உடம்பு; வளைத்த பக்கம் வளையும். நின்ற இடத்தில் கால் வழுக்குவது போல ஆடுவார். தடாலென்று விழுவார், பந்து போல எழுவார். எழுந்ததும், விழுந்தது நானா என்று கேட்பது போல ஒரு பார்வை பார்ப்பார். மேல்நாட்டு ஆட்டத்தை வேட்டி கட்டிக்கொண்டும் ஆடுவார்.

பாட்டும் அவர் சொந்தக் குரல். தொண்டையை உடைத்து உடைத்து மேலும் கீழும் தாவிப் பாடும் யோடலிங் என்னும் மேல்நாட்டு முறையைத் தமிழ் சினிமாவில் பரப்பியவர் அவரே. 1954-ல் வந்த 'பெண்' படத்தில் வீணை எஸ்.பாலசந்தருக்காக அவர் பின்னணி பாடினார். பாட்டைக் கேட்டாலே ஆடுகிறவர் எப்படி ஆடுவார் என்று கண்ணில் தெரியும்.

1955-ல் 'குலேபகாவலி', 'மகேஸ்வரி'. 1957-ல் 'மகாதேவி', 'புதுமைப்பித்தன்'. 1958-ல் 'நாடோடி மன்னன்'. வரிசையாகப் படங்கள் வந்தன. எம்.ஜி.ஆருடனும் நடித்தார், சிவாஜியுடனும் நடித்தார். கதாநாயகர்களுக்கு நிகராகச் சம்பளம் கேட்டு வாங்கும் நகைச்சுவை நடிகர் என்று பெயர் வந்தது.

விழுவதும் ஒரு வித்தை

விழுவது சுலபம், யார் வேண்டுமானாலும் விழலாம் என்று தோன்றும். உண்மையில் பேசிச் சிரிக்க வைப்பதைவிட விழுந்து சிரிக்க வைப்பது கடினம்.

முதலில், விழப் போகிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். விழப் போகிறவருக்குத் தெரியக் கூடாது. தரையில் எண்ணெய் கொட்டியிருப்பதை நாம் பார்க்கிறோம். அவர் பாட்டுக்கு ஜோராக நடந்து வருகிறார். அந்த இரண்டு விநாடிதான் உயிர். அரை விநாடி முந்தினாலும் பிந்தினாலும் சிரிப்பு வராது.

இரண்டாவது, அடி படவில்லை என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும். பார்க்கும் குழந்தை முதலில் தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் சிரித்தால் அதுவும் சிரிக்கும். தாய் முகம் சுளித்தால் அழும். விழுந்தவரின் முகத்தில் உண்மையான வலி தெரிந்தால் தியேட்டரே அமைதியாகிவிடும். ஆகவே உண்மையில் வலித்தாலும் நடிகர் காட்டக் கூடாது.

மூன்றாவது, எழுந்திருப்பது. விழுந்ததில் பாதிச் சிரிப்பு என்றால், எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல நடப்பதில் மீதிச் சிரிப்பு இருக்கிறது. நம்மில் யார் விழவில்லை? மேலதிகாரி முன்னால், வீட்டுக்காரர் முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகிற மாதிரி தடுக்கி விழுந்து, ஒன்றும் நடக்காதது போல நடந்தவர்கள்தானே நாம் எல்லோரும்? திரையில் ஒருவர் நமக்காக விழுந்து எழும்போது மனப்பாரம் கொஞ்சம் இறங்குகிறது.

இந்தக் கணக்கு எல்லாம் சந்திரபாபுவுக்குத் தாளம் போல உடம்பில் ஊறியிருந்தது. பாட்டும் ஆட்டமும் தெரிந்தவராக இருந்ததால், விழுவதையும் தாளம் தப்பாமல் விழுந்தார்.

சபாஷ் மீனா

அவர் திறமை முழுவதும் தெரிந்த படம் 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'. டைரக்டர் பி.ஆர்.பந்துலு, சித்தூர் மாவட்டத்தை அடுத்த கோலார்ப் பக்கத்துக்காரர். கதாநாயகன் சிவாஜி கணேசன். ஜோடி மாலினி. சந்திரபாபுவுக்கு ஜோடி பி.சரோஜாதேவி.

தகப்பனார் ஊருக்கு அனுப்பி வைக்கும் பிள்ளை, தான் போகாமல் தன் பெயரில் நண்பனை அனுப்பிவிடுகிறான். அங்கே தொடங்கும் ஆள் மாறாட்டம் கடைசி வரை ஓடுகிறது. சந்திரபாபுவுக்கு அதில் இரண்டு வேடங்கள். ஒன்று படித்த நண்பன். இன்னொன்று சென்னை ரிக்‌ஷாக்காரர்.

இரண்டு பேருக்கும் நடை வேறு. தோள் வேறு. கை வீச்சு வேறு. முதுகைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடலாம். ரிக்‌ஷாக்காரர் பேசும் மெட்ராஸ் பாஷையைத் தமிழ்நாடு முழுவதும் பரப்பியதில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு. அந்தப் பாஷையில் 'நைனா' போன்ற தெலுங்குச் சொற்கள் ஏராளம். ஆகவே சித்தூர்க்காரர்களுக்கு அது அன்னியமாக இருந்திருக்காது.

தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் ஆங்கிலம் படித்தவர், ரிக்‌ஷா இழுப்பவரின் மொழியை அச்சாகப் பேசினார். ஏளனமாகப் பேசவில்லை, வாயாடியாகவும் நல்லவராகவும் அந்த மனிதரை நிறுத்தினார். உழைப்பாளியைப் பார்த்துச் சிரிக்க வைக்காமல், உழைப்பாளியோடு சேர்ந்து சிரிக்க வைத்தார்.

நான்கு ஆண்டு கழித்து 1962-ல் பந்துலுவே இந்தக் கதையை இந்தியில் 'தில் தேரா தீவானா' என்று எடுத்தார். சந்திரபாபு செய்ததை அங்கே மெஹமூத் செய்தார். அவருக்குப் பிலிம்பேர் பரிசு கிடைத்தது. 1996-ல் வந்து சக்கைப்போடு போட்ட 'உள்ளத்தை அள்ளித்தா' படத்திலும் 'சபாஷ் மீனா'வின் சாயலைப் பார்க்கலாம். சிரிப்பின் ஆயுள் அவ்வளவு நீளம்.

படத்தைக் காப்பாற்றிய பால்காரர்

1959-ல் ஏவி.எம். நிறுவனம் 'சகோதரி' என்ற குடும்பப் படத்தை எடுத்தது. டைரக்டர் ஏ.பீம்சிங். படம் முடிந்து போட்டுப் பார்த்தபோது மெய்யப்ப செட்டியாருக்குத் திருப்தி இல்லை. சோகம் அதிகம், சிரிப்பு குறைவு.

சந்திரபாபுவை அழைத்தார்கள். கதையோடு ஒட்டி ஒரு பால்காரர் வேடம் உருவாயிற்று. சில நாட்களில் காட்சிகளை எடுத்துப் படத்தில் சேர்த்தார்கள். தன்னை முட்டாள் என்று தானே சொல்லிப் பாடும் பாட்டு ஒன்றும் அதில் உண்டு. படம் நன்றாக ஓடியது. பால்காரரைப் பார்க்கவே ஜனங்கள் மறுபடியும் வந்தார்கள்.

குடும்பப் படத்தில் நகைச்சுவைக்கு என்ன வேலை என்பதை இந்த ஒரு படமே சொல்லிவிடும். ஒரு குடும்பம் தியேட்டருக்கு வருகிறது. தாய்க்குக் கதை வேண்டும். தகப்பனுக்குப் பாட்டு வேண்டும். வாலிபனுக்குச் சண்டை வேண்டும். தாத்தாவுக்குக் காது சரியாகக் கேட்காது. கடைக்குட்டிக்குக் கதையே புரியாது. இத்தனை பேரும் ஒரே நொடியில் ஒன்றாகச் சிரிக்கும் இடம் ஒன்று வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் யாராவது தடுக்கி விழும் இடமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரட்டை அர்த்த வசனம் வந்தால் தகப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூசுவார்கள். பிறர் நிறத்தை, உருவத்தை, ஊனத்தைக் கேலி செய்தால் தியேட்டரில் யாரோ ஒருவர் மனம் நோகும். ஒருவரை உதைத்து இன்னொருவர் சிரிக்க வைத்தால், உதைபடுகிறவரைப் போல வாழ்கிறவனுக்குச் சுருக்கென்று இருக்கும். தானே விழுகிறவரைப் பார்த்துச் சிரிப்பதில் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. அடி முழுவதும் அவருக்கு. சிரிப்பு முழுவதும் நமக்கு.

சந்திரபாபு பெரும்பாலும் அப்படித் தன் மேலேயே அடியை வாங்கிக்கொண்டவர். 1962-ல் வந்த ஏவி.எம்.மின் 'அன்னை', அதே ஆண்டில் வந்த 'போலீஸ்காரன் மகள்' போன்ற கண்ணீர்ப் படங்களிலும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது அவரைப் பார்த்துத்தான்.

ஜனாதிபதி மடியில்

1965-ல் பாகிஸ்தானுடன் போர் நடந்த சமயத்தில், ராணுவ வீரர்களை உற்சாகப்படுத்தத் தமிழ்த் திரைக் கலைஞர்கள் வடக்கே போனார்கள். டில்லியில் ஜனாதிபதி மாளிகையில் அவர்களுக்கு வரவேற்பு நடந்தது. அப்போது ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன்.

ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தவர். திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். தமிழும் தெலுங்கும் கலந்த இந்த மண்ணின் பிள்ளை. உலகம் போற்றும் தத்துவ மேதை.

சந்திரபாபு 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் தாம் பாடிய தத்துவப் பாட்டை அவர் முன் பாடினார். மனிதன் பிறக்கும்போதும் இறக்கும்போதும் கண்ணீர்தான் என்ற கருத்துள்ள பாட்டு அது. ஜனாதிபதி மனம் உருகிப் பாராட்டினார். அவ்வளவுதான், சந்திரபாபு ஒரே தாவாகத் தாவி ஜனாதிபதியின் மடியில் போய் உட்கார்ந்து, அவர் தாடையைச் செல்லமாகத் தடவிவிட்டார் என்று திரையுலகில் இன்றும் சொல்வார்கள். கூடியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். ராதாகிருஷ்ணனோ குழந்தையைப் போல் சிரித்தார்.

நாட்டின் முதல் குடிமகன் என்ற மதிப்பையும் தாண்டி, உள்ளே இருந்த மனிதரைச் சிரிக்க வைத்தது அந்த ஒரு தாவல். வேறு யார் செய்திருந்தாலும் அது அவமரியாதை. அவர் செய்தபோது அது அன்பாயிற்று.

கால் வழுக்கிய இடம்

திரையில் அளந்து விழத் தெரிந்தவருக்கு வாழ்க்கையில் அந்த அளவு தெரியவில்லை.

திருமணம் சில மாதங்களிலேயே முறிந்தது. அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. மதுப்பழக்கம் வளர்ந்தது. மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லும் குணம். சினிமாவில் அதற்கு விலை கொடுக்க வேண்டும்; கொடுத்தார்.

1960-ல் கவிஞர் கண்ணதாசன் 'கவலை இல்லாத மனிதன்' படத்தைத் தயாரித்தார். சந்திரபாபு கதாநாயகன். படப்பிடிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. கவிஞருக்குப் பெரும் நஷ்டம். மனம் நொந்து அதைப் பின்னாளில் எழுதியும் வைத்தார். 1961-ல் 'குமார ராஜா'விலும் கதாநாயகன். பெரிய வெற்றி கிடைக்கவில்லை.

ஆனால் இந்தப் பிணக்கால் கவிஞரின் பாட்டும் சந்திரபாபுவின் குரலும் பிரிந்துவிடவில்லை. 1964-ல் 'ஆண்டவன் கட்டளை' படத்துக்காகச் சிரிப்பைப் பற்றியே கண்ணதாசன் ஒரு பாட்டு எழுத, சந்திரபாபு பாடினார். சிரித்துக்கொண்டே உலகத்தின் வேஷத்தைக் காட்டும் பாட்டு. இன்றும் வானொலியில் கேட்கலாம்.

பிறகு எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தாமே டைரக்டு செய்யத் தொடங்கினார். படம் பாதியில் நின்றது. போட்ட பணம் போயிற்று. மாடி வரை காரிலேயே ஏறிப் போகும்படி ஆசை ஆசையாகக் கட்டிய பங்களாவும் கைவிட்டுப் போயிற்று. எடுக்க நினைத்த படத்தின் பெயரே எடுத்தவரின் கதையாயிற்று.

1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை எழுதி, டைரக்டு செய்து நடித்தார். உடன் நடித்தவர் சாவித்திரி. பெயர் பைபிளில் வரும் வாசகம். ஒரு காலத்தில் ஜெமினி கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தவர் வைத்த பெயர் அது. படம் ஓடவில்லை.

இதற்குள் தமிழ்த் திரையில் நாகேஷ் எழுந்துவிட்டார். 1964-ல் 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' இரண்டும் வந்து அவரை உச்சிக்குக் கொண்டு போயின. அவரும் உடம்பால் சிரிக்க வைத்தவரே. சந்திரபாபு திறந்து வைத்த வழியில் அடுத்தவர் வேகமாக நடந்தார். சந்திரபாபுவுக்கு வந்த படங்கள் குறைந்தன. 1966-ல் 'பறக்கும் பாவை', 1969-ல் 'அடிமைப்பெண்' என்று எம்.ஜி.ஆர். படங்களில் தலை காட்டினார். உடம்பு பழையபடி வளையவில்லை.

இரண்டே ஆண்டுக்குள்

1974 மார்ச் 8-ந் தேதி சந்திரபாபு சென்னையில் காலமானார். வயது 46. கடைசி நாட்களில் கையில் பணம் இல்லை. கடைசி வரை நண்பராக இருந்தவர்களில் இசை அமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன் முக்கியமானவர். சாந்தோமை அடுத்த கிவிபிள் ஐலண்டு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது.

அதற்குப் பத்து வாரங்களுக்கு முன்பு, 1973 டிசம்பர் 30-ந் தேதி, சித்தூர் வி.நாகையா காலமாகியிருந்தார். சித்தூரில் நாடகம் நடித்துப் புகழ் பெற்று, ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் அவர். தமிழிலும் தெலுங்கிலும் பக்திப் படங்களில் நடித்து இரண்டு மொழி மக்களையும் கண்ணீர் விட வைத்தவர். கை நிறையச் சம்பாதித்து, வாரிக் கொடுத்து, கடைசியில் கஷ்டப்பட்டவர். அழ வைத்தவருக்கும் சிரிக்க வைத்தவருக்கும் முடிவு ஒன்றாக இருந்தது.

அதே 1974 நவம்பரில் நெல்லூர்க்காரரான ரமணா ரெட்டி மறைந்தார். 1975 நவம்பரில், பத்மஸ்ரீ விருது பெற்ற ரேலங்கி மறைந்தார். ஆக, இரண்டு ஆண்டுக்குள் இந்த எல்லைப் பகுதி ரசிகர்கள் தங்களைச் சிரிக்க வைத்த மூன்று பேரை இழந்தார்கள். 1977 கிறிஸ்துமஸ் தினத்தன்று சார்லி சாப்ளினும் மறைந்தார்.

மிச்சம் இருப்பது

சந்திரபாபுவின் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சோகத்தில் முடிப்பார்கள். திறமைசாலி, திமிர் பிடித்தவர், குடித்துக் கெட்டார் என்று மூன்றே வார்த்தையில் கணக்குத் தீர்த்துவிடுவதும் உண்டு. அது முழுக் கணக்கு ஆகாது.

சிரிக்க வைக்கிறவரை நாம் இலேசாக நினைத்துவிடுகிறோம். கதாநாயகன் கத்திச் சண்டை போட்டால் வீரம் என்கிறோம். கண்ணீர் விட்டால் நடிப்பு என்கிறோம். நகைச்சுவை நடிகர் பத்து முறை விழுந்து எழுந்தால், வேடிக்கை பண்ணுகிறான் என்று சொல்லிவிட்டு முறுக்கு வாங்க எழுந்து போய்விடுகிறோம். அந்தப் பத்து முறைக்குப் பின்னால் ஐம்பது ஒத்திகை இருந்ததும், இரவில் இடுப்பு வலித்ததும் நமக்குத் தெரியாது. கதாநாயகருக்கு நிகரான சம்பளத்தை அவர் கேட்டது திமிரால் மட்டும் அல்ல. உழைப்புக்குக் கூலி கேட்டார் என்றும் சொல்லலாம். கூலியின் அருமை தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அவர் விட்டுப் போன சொத்தில் பங்களா இல்லை, கார் இல்லை. ஆனால் ஒரு சொத்து இருக்கிறது. சித்தூரிலோ திருப்பதியிலோ தமிழ்க் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'சபாஷ் மீனா'வைப் போட்டுப் பார்க்கலாம். தெலுங்கு மீடியத்தில் படிக்கும் பேரனுக்கு அந்தக் காலத் தமிழ் வசனம் பாதி புரியாது. அடுத்த வீட்டுத் தெலுங்குப் பிள்ளைக்கு அதுவும் புரியாது. சந்திரபாபு வந்து நிற்கட்டும். இரண்டு பிள்ளைகளும் தாத்தாவோடு சேர்ந்து, அதே நொடியில், விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்காது.